டீ குடித்து எழுந்த தாய்

தாராவி, பம்பாய்–17
12.4.1986

அன்பு மகன் கோமதிநாயகத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. டப்ளினில் நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிக் கை பழகிவிட்டது, இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆகையால் நிதானமாகப் படி.

நீ அனுப்பிய ஆராய்ச்சி அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். முப்பது வருஷம் இங்கிலீஷ் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவனுக்கு ஒன்பது பிழைதான் அகப்பட்டது. பத்தாவது, நீ சொல்லும் காரணம். உன் ஐரிஷ் நாவலாசிரியர் தன் தாய் செத்ததைத் தாய்மொழி நாவலில் ஒரே பக்கத்தில் எழுதினார், எண்பது பிரதி விற்றது. ஆறு வருஷம் கழித்து அதே நாவலை அவரே இங்கிலீஷில் எழுதியபோது அந்தம்மா காய்ச்சல் தெளிந்து எழுந்து டீ குடிக்கிறாள், நாலு பதிப்பு போயிற்று. இதைக் கலைஞனின் சுதந்திரம் என்று பதினொரு பக்கம் விளக்கியிருக்கிறாய். அவ்வளவு வேண்டாம். இங்கிலீஷில் பொய் சொன்னால் நாக்கு கூசுவதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜனவரியிலிருந்து நான் உனக்கு எழுதிய மூன்று இங்கிலீஷ் கடிதத்திலும் உன் அம்மா படிப்படியாகத் தேறி வருகிறாள்.

அவள் தேறவில்லை. ஈரலில் கட்டி. போன திங்கள்கிழமை டாக்டர் "காகா, அப் கர் லே ஜாயியே" என்றார், வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார், மரியாதையான மனிதர். ஆறு வாரம் என்றார். அதில் பன்னிரண்டு நாளை இந்தக் கடிதமே தின்றுவிடும். தந்தி அடிக்கலாம், ஆனால் மூன்று கடிதத்தில் தேறி வந்தவள் தந்தியில் சாகக் கிடந்தால் நீ எதை நம்புவாய்? "அவன் படிப்பு முடியுத மட்டும் மூச்சு விடப்பிடாது, பாத்துக்கிடுங்க" என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதும் கடிதத்தையெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்வாள், அதனால் இதை முகம்மது ஹனீபின் பை பட்டறையில் தோல் வெட்டும் மேஜைமேல் வைத்து எழுதுகிறேன்.

நேற்று நான் அத்தியாயம் திருத்துவதைப் பார்த்து என்ன கதை என்று கேட்டாள். அம்மாவும் மகனும் என்றேன். "அந்தம்மா சாவும்போது மவன் பக்கத்துல இருந்தானாமா?" என்றாள். பிழைத்துக்கொண்ட கதையையும் நான் சொல்லியிருக்கலாம், அவள் அதைக் கேட்கவில்லை. நாவலாசிரியர் மூன்று நாள் பிந்தி வந்து சேர்ந்தார் என்று உன் அடிக்குறிப்பில் இருக்கிறது. இருந்தான், கையைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று சொல்லிவிட்டேன். "அப்பம் சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தமிழில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. நீ வந்து அதைத் திருத்தி வை.

உன் உடம்புக்கும் படிப்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். சத்தியத்தை மீறியது நான் என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். புறப்படும் தேதியை மட்டும் தந்தியில் தெரிவி. அது இங்கிலீஷிலேயே இருக்கட்டும், நம்புகிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
சுயம்பு