பெயர் தெரியாத கல்லுக்கு ஒரு கூடாரம்

வியாழன்
காலை வெயில், மதியம் வழக்கம்போல் மழை. மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஜெர்மன்காரி ஹெல்காவோடு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பழைய கல்லறைக்கு. வாழ்நாள் முழுக்க லத்தீன் கல்வெட்டு படித்தவள். இங்கேயும் அதே வேலை.

திங்கள் லோரி வருகிறது, கல்லறையை எடுத்துவிட்டுச் சாலை போட. பெயருள்ள கல் புது இடத்துக்கு. இல்லாததை உடைத்துவிடுவார்கள். படிக்க மிச்சம் ஒன்றே ஒன்று, தேய்ந்த சோப்பு மாதிரி. ஈரத்தாளை அதன்மேல் விரித்து தூரிகையால் அடிக்கிறாள். காய்ந்து உரித்தால் எழுத்து தாளில் எழும்புமாம். மழையில் தாள் கூழ்.

கல்லறைக்குப் போய்வந்தால் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையக்கூடாது என்று ஹெல்காவிடம் சொல்லியாயிற்று. நேரே குளிக்கப் போனாள்.

வாங்க: பால், பூண்டு, குடை.

வெள்ளி
இரண்டாம் தாளும் கூழ். ஹெ. சாப்பிடவில்லை. அதுவும் ஒரு ஆள்தானே என்றாள், அவ்வளவுதான். கல்லுக்காகப் பட்டினியா என்று எரிச்சல். பிறகு எனக்கும் தோசை இறங்கவில்லை.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடாரம் வாடகைக்கு விடும் முருகையாவுக்குப் போன்.

"யாரு அக்கா தவறிட்டாங்க?"

"தெரியல தம்பி. அதத்தான் கண்டுபுடிக்கணும்."

"என்னக்கா, விளையாடுறீங்களா?"

"காலையில கல்லறைக்குக் கொண்டு வா லா."

சனி
கல்லுக்கு மேல் கூடாரம். பழக்கதோஷம், முருகையா நாற்காலியும் போட்டுவிட்டான். வந்தது வினை. தெருவில் போனவர்கள் துக்கம் என்று நினைத்து வரத் தொடங்கினார்கள். ஓர் ஆன்டி ஹெ.வின் கையைப் பிடித்து, "மனச தேத்திக்கம்மா." ஹெ. நன்றி சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

விஷயம் சொன்னேன். ஆன்டி கோபிக்கவில்லை. "சரி, வந்தது வந்தாச்சு" என்று உட்கார்ந்து வீட்டிலிருந்து கோப்பி வரவழைத்தாள். வெளியே மழை. உள்ளே எல்லாரும் மூன்றாம் தாள் காய்வதைப் பார்த்துக்கொண்டு.

ஞாயிறு
காய்ந்தது. சாய்வாக டார்ச் அடித்து, விரலால் தடவித் தடவிப் படித்தாள். யாரோ பாதிரிமார் வைத்த கல், லத்தீனில். ஹெ. ஆங்கிலத்தில் சொல்ல, மெழுகுவர்த்தியோடு வந்திருந்த ஆன்டிக்கு நான் தமிழில்: ஞானம்மா. சமையல்காரி. எங்களுக்குச் சோறு போட்டவள்.

ஆன்டி அழுதாள். நானும்.

திங்கள்
தூறல். ஞானம்மா பெயருள்ள கற்களோடு முதல் லோரியில் ஏறினாள். கூடாரம் பிரிக்க முருகையா.

"யாருன்னு தெரிஞ்சுதாக்கா?"

"ஞானம்மா."

தொப்பியைக் கழற்றினான். "அவங்க உங்களுக்கு என்ன முறை?"

நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் உலை வைத்தேன். சோறு, ரசம், முட்டை. ஹெ. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். தட்டுக் கழுவும்போதுதான் நினைவு வந்தது, இரண்டு பேருமே குளிக்கவில்லை.