நான் துடைத்த தழும்பு

பெப்ரவரி 8, செவ்வாய்

வாடைக்காற்று. ஸ்டூடியோ வாசலில் வழக்கமான கழுதை, துரத்தினாலும் போகாது. காலையில் அடையாள அட்டைப் படம் பதினொன்று. எல்லாரும் இடம்பெயர்ந்து போய் முசலிப் பக்கம் திரும்பி வந்த சனம். மத்தியானத்துக்குப் பிறகு கல்யாணப் படங்கள் திருத்தம்.

என் ஒழுங்கு: கண் மூடினதெல்லாம் கழி. நிறம் பார். பரு, மரு, தழும்பு துடை. கண்ணுக்குக் கீழ்க் கருமை குறை. கடைசியில் கொஞ்சம் வெள்ளை. "அக்கா, கொஞ்சம் வெளிப்பா வரப் பண்ணுங்கோ" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்காவிட்டாலும் செய்வேன். கை சும்மா இராது.

நாலு மணிக்குத் தவமலர். மாந்தைப் பக்கம், வயல் செய்கிற குடும்பம். சமாதான காலத்தில் அவளுக்கும் கேசவனுக்கும் கல்யாணப் படம் எடுத்தது நான்தான். சண்டை முடிந்த அன்று அவன் ஆமியிடம் சரணடைந்தவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாமிலிருந்து ஊருக்கு வந்த நாளிலிருந்து தேடுகிறாள். என் படத்தில் அவன் முகத்தை மட்டும் பெரிதாக்கி, மாதா கோயில் மண்டபத்தில் காணாமல் போனவர்களின் படங்களோடு ஒட்டியிருக்கிறாள்.

"தடுப்பு முகாமில இருந்து விடுபட்டு வந்த ஒருத்தர் மண்டபத்தில அவற்ர படத்தைப் பார்த்தவராம் அக்கா. முகம் இதுதான், ஆனா எங்களோட இருந்தவருக்குப் புருவத்தில வெட்டுத் தழும்பு, இவருக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டாராம். பங்குச் சுவாமி இண்டைக்குத்தான் சொன்னவர்."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அவருக்குத் தழும்பு இருக்கு அக்கா. படத்திலதான் இல்லை."

மாதாவே. துடைத்தது என் கை.

பெப்ரவரி 9, புதன்

கடை பூட்டு. அலுமாரியில் இருந்த சீடி எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டித் தேடினேன். அவர்களுடைய சீடி கிடைத்தது. உள்ளே திருத்தி முடித்த படங்கள் மட்டும். இடம் பிடிக்கும் என்று எடுத்தபடி இருந்ததை எல்லாம் அழித்துவிடுகிற கெட்டித்தனம் என்னுடையது. விசரி.

பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தமான வேலை. ஒரு புருவத்து மயிரைப் பிரதி எடுத்து மற்றதில் வைத்து மூடியிருக்கிறேன். இரண்டு புருவமும் அச்சாக ஒன்றுபோல. எதில் இருந்து எதற்கு எடுத்தேன் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று என்னை நானே மெச்சியிருப்பேன்.

அவன் சொன்னது மட்டும் நினைவு வருகிறது. கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டு, "அது கிடக்கட்டும் அக்கா, என்ர அடையாளம் அது." நான்தான் கேட்கவில்லை. மாப்பிள்ளை முகத்தில் தழும்பு என்னத்துக்கு என்று நினைத்தேன். அவனுக்கு நல்லது செய்கிறேனாம். எந்தப் பக்கம் என்பது மட்டும் வரவே இல்லை.



பெப்ரவரி 11, வெள்ளி

மழைக் குணம். கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது. தவமலரைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருத்தி, தழும்பைத் திரும்பக் கீறி வரைந்தேன்.

சின்னனில் ஊஞ்சல் கயிறு அறுந்து விழுந்த காயமாம். "அந்த இடத்தில மயிர் முளைக்காது. விரல் வைச்சா வழுக்கும்." சொல்லிவிட்டுத் தன் இடப்புருவத்தைத் தொட்டாள். பிறகு திரையில் அவனுடைய வலப்புருவத்தை. பிறகு, "இல்லை, இல்லை, இந்தப் பக்கம்" என்று இடதுக்கு மாற்றினாள். சரி, இடது.

முதல் தரம் கீறினது ரவுடி மாதிரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நாலாவதில், "ஓம். இவர்தான்" என்றாள். அழவில்லை. திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

சுவாமி விசாரித்துச் சொன்னார்: தடுப்பிலிருந்து வந்த அந்த ஆள் ரூபன், கொண்டச்சியில் வீட்டுத்திட்டத்தில் மேசன் வேலை. திங்கள் கட்டாருக்கு வேலைக்குப் பயணமாம். அப்படியானால் ஞாயிறே போக வேண்டும்.

பெப்ரவரி 13, ஞாயிறு

விடியப் பூசை விட்டுவிட்டுப் பஸ். தவமலர் படத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி.

ரூபன் கூரை போடாத வீட்டுக்குள் சீமெந்து பூசிக்கொண்டு நின்றார். முப்பது வயது வரும். கை கழுவிவிட்டு வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். 

"முந்திப் பார்த்த படத்தில இது இல்லையே?"

தவமலர் சந்தோஷமாகச் சொன்னாள்: "அக்காதான் அழிச்சது. இப்ப அவதான் கீறித் தந்தவ!"

அந்த மனுசன் படத்தைக் கவிழ்த்துச் சுவர்க்கட்டில் வைத்துவிட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. தடுப்புக்குள்ள ஆமி என்னட்டையும் படம் படமாக் காட்டி ஆரெண்டு கேட்டவை. ஒருக்கா ஆளைப் பிழையாச் சொல்லிப்போட்டன். இனிக் கீறின படத்தைப் பார்த்து நான் ஒருத்தரையும் இவர்தான் எண்டு சொல்லமாட்டன்."

நான் கும்பிட்டேன். "தம்பி, என்ர பிழை அது. அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லுங்கோ."

அவர் தவமலரைப் பார்த்து, "உங்கட அவருக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடம்."

"எனக்கு வலம் எண்டுதான் ஞாபகம். எதிருக்கு இருந்து பார்த்ததோ தெரியாது. சத்தியம் பண்ண ஏலாது, தங்கச்சி." அவருடைய கண்ணும் நிறைந்துவிட்டது. தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். குடிக்காமல் வந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் சரியான சனம். பின்னால் ஒருத்தி யாரிடமோ, "வீட்டுக்குக் கதவு தந்தவை, நிலை தரேல்ல" என்று கத்திக்கொண்டு வந்தாள். தவமலர் யன்னல் பக்கம் திரும்பி, இரண்டு விரலாலும் தன் இரண்டு புருவத்தையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தாள். பாலம் வரும்வரைக்கும் அப்படியே.

பாலத்தில் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இத்தனை வருசமும் அந்தப் படத்தைத்தானே ஒவ்வொரு நாளும் பார்த்தனான். இப்ப எனக்குக் குழம்பிப்போச்சு. நீங்கள் அண்டைக்கு அவரை நேர பார்த்தனீங்கள்தானே. சொல்லுங்கோ, எந்தப் பக்கம்?"