மான்குர்த் வரை பிடித்து வைத்த இடம்

ஜூலை 28, திங்கள்

இன்றும் குர்லாவில் ஒருத்தியோடு சண்டை. பிரேமலதாவுக்காகப் பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தேன். ரயில் உங்கப்பன் வீட்டுச் சொத்தா என்று இந்தியில் கேட்டாள். ஆமாம், அப்படித்தான் வைத்துக்கொள் என்றேன். நான் சுனாபட்டியில் ஏறுகிறவள், பிரேமா மான்குர்த்தில். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். ஏறியதும் என் பையைத் தூக்கி என் மடியிலேயே எறிந்துவிட்டு உட்காருவாள். இப்போதெல்லாம் அதற்குப் பிறகு, ஆபீஸ் இருக்கிற சான்பாடா வரும்வரை ஸ்பானிஷ் படிப்புதான்.

ஆபீசில் பில் சரிபார்க்கிற எங்களில் ஒருத்தரை ஸ்பானிஷ் டெஸ்குக்கு எடுக்கப்போகிறார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. இருப்பது ஒரே இடம், சம்பளமும் கூடுதல். வகுப்புக்குப் போகிறது நாங்கள் இரண்டு பேர். இதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 2, சனி

செம்பூர் வகுப்பில் ஸ்மிதா டீச்சரிடம் நல்ல திட்டு. கடையில் டீ கேட்டேன் என்று சொல்லப்போய், டீயைப் பார்த்துக் கேள்வி கேட்டேன் என்று சொல்லிவிட்டேனாம். வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

வெளியே வந்ததும் பிரேமா நிறுத்தி வைத்துச் சொல்லித்தந்தாள். "நமக்கு நாலுமே கேக்கதுதாம்ட்டி. வாஷி பாலத்துல ரயில் சத்தம் கேக்கா, அது ஓயிர். எங்கம்மா புலம்பல உக்காந்து கேக்கேன்லா, அது எஸ்குச்சார். ஸ்டால்ல கட்டிங் டீ கேட்டா பெதிர். இந்த வண்டி பன்வேல் போவுமான்னு கேட்டா பிரெகுந்தார்." ஒரு மாதமாக மண்டையில் ஏறாதது ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது.

அவள் சம்பளத்தில்தான் அவளும் அம்மாவும். எனக்கு அந்த டெஸ்க் மேல் ஆசை, அவ்வளவுதான். அவளுக்கு அது தேவை. தெரிந்தேதான் படிக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பிரேமா இன்றும் நாளையும் லீவு. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன்.

சாயங்காலம் டீம் லீடர் ஜெபஸ்டின் என் மேஜைக்கு வந்தார். தேர்வு நடத்துகிற மேடத்துக்கு வெள்ளிக்கிழமை வரமுடியவில்லையாம், அதனால் நாளை மதியமே தேர்வு. "பிரேமலதாகிட்ட நீங்களே சொல்லிருங்க மாரீஸ்வரி. கொஞ்ச நேரம் வந்துட்டுப் போனாப் போதும்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மெசேஜ் டைப் செய்தேன். அழித்தேன். ஆபரேஷன் நேரத்தில் அவளைப் போய் ஏன் தொந்தரவு — அடியே, யார்கிட்ட விடுதே இந்தக் கதைய? காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லவில்லை.

நன்றாகத்தான் செய்தேன். ஒரே மாதிரி இருக்கும் வினைச்சொற்களைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். வாஷி பாலம், கட்டிங், பன்வேல் வண்டி எல்லாம் வரிசையாக வந்தன. தேர்வு நடத்திய மேடத்துக்கு ஒரே சந்தோஷம், நீங்களே யோசித்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கூசாமல் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேறு பெட்டியில் ஏறிப் போனேன். பிரேமா இஸ்திரி போட்ட பச்சை சுடிதாரில் வந்திருந்தாள். தேர்வு இன்றைக்கு என்ற நினைப்பில் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஜெபஸ்டின் அவள் மேஜைப் பக்கம் நடந்ததைப் பார்த்ததும் எழுந்து பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன். சீ, என்ன பிறவி நான்.

மதியம் ஜெபஸ்டின் என்னிடம் வந்து, பாவம், நீங்கள் சொல்லியும் அம்மாவை விட்டுவிட்டு வரமுடியவில்லையாம் என்றார்.

நான் சொல்லியுமா? அவளா அப்படிச் சொன்னாள்? மாரி எனக்குச் சொல்லவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தொலைந்தேன். ஏன் சொல்லவில்லை? நாள் முழுக்க என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

டெஸ்க் எனக்குத்தான். அப்பா அல்வா வாங்கி வந்து எங்கள் தாராவிச் சந்து முழுக்கக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

சான்பாடா ஸ்டேஷனில் காத்திருந்து அவளைப் பிடித்தேன். பேச்சு வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. இன்றைக்கே ஜெபஸ்டினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். கத்துவாள், அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லி? அப்ப நான் சொன்னது பொய்னு ஆயிரும். உம்மனசு லேசாவணும்னு என்னைய மாட்டிவிடாத."

ஏன்தான் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஆபீசுல வச்சு உன்னைய விட்டுக்குடுக்க வாய் வரல. அவ்வளவுதான்."

அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் படியேறிவிட்டாள். பன்னிரண்டு நாளாக அதை நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் இடம் பிடித்தேன். இன்றும் மான்குர்த்தில் ஏறி வாசல் பக்கமே நின்றுவிட்டாள்.

அக்டோபர் 6, திங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபஸ்டின் சொன்னார், டெஸ்குக்கு இன்னொரு ஆள் எடுக்கப்போகிறார்களாம். அவர் பேசி முடிக்கும் முன்பே பிரேமாவின் மேஜைக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். காலையிலேயே நானே போயிக் கேட்டு, பேரும் குடுத்துட்டேன்" என்றாள். இப்போது எல்லாவற்றையும் நேராகப் போய் அவளே கேட்டுக்கொள்கிறாளாம். ஜெபஸ்டின்தான் சொன்னார்.

இன்று காலை வழக்கம்போல குர்லாவில் சண்டை. மான்குர்த்தில் ஏறியவள் வாசலில் நிற்காமல் நேரே என் பக்கம் வந்தாள். பையைத் தூக்கி என் மடியில் எறிவாள் என்று பார்த்தேன். எறியவில்லை. நானே எடுக்கும்வரை நின்றாள். எடுத்ததும் உட்கார்ந்தாள்.

"தேங்க்ஸ்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் எனக்குத் தேங்க்ஸ் சொன்னதில்லை.