கரிப்புகை என்று எழுதியவள் நான்

தம்பி,

நீ தண்ணீர் இறைக்க டீசல் எஞ்சின் வாங்கியதற்காக நான் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று உன் ஊர் கீரமங்கலத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. பேச்சை நிறுத்தியவன் நீ, நிறுத்தவைத்தவள் நான்.

நேற்று உன் மனைவி பஸ் கண்டக்டரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். பிரித்ததும் டீசல் வாசம் எழுந்தது. உன் எஞ்சின் கொட்டகையில், ஸ்பானர்களுக்கு அடியில் கிடந்ததாம். நான் உனக்கு எழுதித் தந்த இரண்டு தாள்கள். மடிப்பு கிழிந்த இடங்களில் சோற்றுப் பசை தடவி ஒட்டி வைத்திருக்கிறாய்.

அதை எழுதிய அன்று நீ புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தாய். நான் படித்த கான்வென்ட்டிலிருந்து வாங்கி வந்த ஆங்கிலப் பத்திரிகை மேசைமேல் கிடந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிய எரிய உலகம் மெல்லச் சூடாகும், மழைக்காலமும் மாறக்கூடும் என்று சில விஞ்ஞானிகள் சொல்வதாக அதில் இருந்தது. வாசித்துச் சொன்னபோது மற்றவர்களைப் போல நீ சிரிக்கவில்லை. “தமிழ்ல எழுதிக் குடுங்கக்கா, நிதானமாப் படிச்சுக்கிறேன்” என்றாய்.

இரண்டு மாதம் கழித்து உன் தோட்டத்துக்கு வந்தேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கமலை இழுத்த மாடுகளில் ஒன்று செத்தபிறகு நீ வாங்கிய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வாழைக்குத் தண்ணீர் பாய்ந்தது. நான் வரப்பில் நிற்கும்போதே, வெள்ளைத் துண்டொன்றைப் புகைக்குழாயின் வாயில் பிடித்து, எடுத்து விரித்துக் காட்டினாய்.

“பாருங்கக்கா, கறுக்கவே இல்லை. மெக்கானிக்க மூணு தடவை வரவச்சேன். இனி நம்ம எஞ்சினால மழைக்கு ஒரு கெடுதலும் இல்லை.”

தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கேட்கும்படி நான் சொன்னேன்: “கண்ணுக்குத் தெரியாத வாயுவத் துண்டால பிடிக்கிறியா? ரெண்டு தாள் எழுதிக் குடுத்தும் ஒனக்கு ஏறலையே.”

அவர்கள் சிரித்தார்கள். நீ துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய். “அப்பத் தண்ணிக்கு நான் என்னக்கா செய்யட்டும்?”

கேட்காதவள்போல வரப்பிலிருந்து இறங்கினேன். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அந்தப் பஸ்ஸும் டீசலில்தான் ஓடியது. அதை நீ சொல்லிக்காட்டியிருக்கலாம்.

பிறகு கடைத்தெருவில் உன்னைத் ‘துண்டுக்காரர்’ என்றே கூப்பிட்டார்களாம். “இன்னைக்குத் துண்டுல எத்தனை மழை புடிச்சீங்க?” என்று கேட்பார்களாம். உன் மகனும் சேர்ந்து சிரித்தான் என்று, உன்னைத் தகனம் செய்த அன்று உன் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நீ அதன்பின் என் வாசற்படி ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை, தம்பிதான் முதலில் வரவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

நேற்று அந்தத் தாள்களை வாசித்தேன். “எஞ்சின் விடும் கரிப்புகைதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது” என்று இருக்கிறது. என் கையெழுத்து. பத்திரிகை சொன்னதோ கரியமில வாயு. அதற்கு நிறமில்லை. எவ்வளவு சுத்தமாக எரியும் எஞ்சினும் அதை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அது காற்றில் சேர்ந்து, பூமி திருப்பி விடும் சூட்டை முழுதாகப் போகவிடாமல் தடுக்கிறது. ‘வாயு’ என்றால் உனக்குப் புரியாது என்று நானாக ஓர் எளிய சொல்லைப் போட்டிருக்கிறேன். உன் அறிவை அவ்வளவுதான் மதித்திருக்கிறேன். நான் எழுதியது கரிப்புகை. நீ நிறுத்தியதும் கரிப்புகை.

பிறர் கடிதத்தில் ஒற்றுப்பிழை கண்டால்கூடச் சிவப்பு மை எடுப்பவள் நான். என் பிழையைச் சுமந்துகொண்டு நீ போய்விட்டாய். உன் எஞ்சினும் என் பஸ்ஸும் விட்ட வாயு இன்னும் மேலேதான் இருக்கும். அந்தப் பட்டப்பெயரும் ஊரில் இருக்கிறது.

உன் முதல் திவசத்தன்று, எல்லோர் முன்னாலும், உன் மகன் முன்னாலும், இந்தக் கடிதத்தை நானே நின்று வாசிக்க வேண்டும். அதற்கு உன் மனைவி சம்மதிக்க வேண்டும். இதன் நகலை இன்றே அவளுக்குத் தபாலில் அனுப்புகிறேன். நான் வரலாமா, கூடாதா என்பதை அவள் ஒரு கார்டில் எழுதி அனுப்பட்டும்.