நீ ஓடிய இரண்டாவது சுற்று

அன்பு மகள் தாமாரிஸுக்கு, புக்கராமங்காவிலிருந்து அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலையும் என் கோபத்தையும் தவிர வீட்டில் எல்லாம் சுகம். அந்தப் பின்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன், கோபம் வந்ததற்காக அதை நிறுத்தவில்லை. போனில் பேசினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன்.

பரிமாற்ற மாணவியாக ஒரே ஒரு பருவம் படித்துவிட்டு கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லித்தானே போனாய். உன் அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் நவநாள் ஜெபம் நம் வீட்டில் நடந்த அன்று எல்லோருக்கும் புனுவேலோ உருண்டை பொரித்துத் தட்டோடு வருகிறேன், எதிர்வீட்டு நூபியா கூடம் நிறைய ஆள் இருக்கும்போது, "என்ன ஒஃபீலியா, உம் பொண்ணு ஜூன் வரைக்கும் அங்கேயேதானாமே, எம் மககிட்ட சொல்லியிருக்கா, உனக்குத் தெரியாதா?" என்கிறாள். "தெரியாம என்ன" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள்தான், ஜெபம் முடியும்வரை வெளியே வரவில்லை. பரிமாற்றம் என்றால் நம்மகிட்ட பதிலுக்கு யாரை அனுப்பினாங்க என்று உன் அப்பா வேறு கேட்டுச் சிரிக்கிறார், எனக்கு வயிறு எரிகிறது.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் போன வருடப்பிறப்பில் வந்த வினை. பெட்டியோடு சுற்றினால் அந்த வருடம் பயணம் அமையும் என்று நம் ஊரில் சொல்வதை நம்பி, பன்னிரண்டு அடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடினாயே, ஒரு சுற்று போதும் வாடி என்று வாசலில் நின்று கத்தினேன், கேட்டாயா? இன்னொரு சுற்றும் ஓடினாய். ஒரு சுற்றுக்கு ஒரு பருவம், இரண்டுக்கு இரண்டு. "பெட்டிக்கு என்னடி தெரியும், அவளுக்கு அங்க பிடிச்சிருக்கு" என்கிறார் உன் அப்பா. பிடித்திருந்தால் முதலில் என்னிடம் சொன்னால் என்ன? வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், இரண்டு நாள் அழுதிருப்பேன், பிறகு சரி போ என்றிருப்பேன். அந்த அழுகையைக்கூட நூபியாவுக்கு முன்னால் விழுங்க வைத்துவிட்டாய்.

இந்த வருடப்பிறப்பன்று வழக்கம்போல நள்ளிரவு மணிக்குப் பன்னிரண்டு திராட்சை தின்று முடித்த கையோடு பரண்மேல் கிடந்த பழைய பெட்டியை இறக்கினேன். நல்ல பெட்டி உன்னிடம், இதில் ஒரு சக்கரம் கழன்று போயிருக்கிறது. தெருவெல்லாம் கிரீச்சிட இழுத்துக்கொண்டு போனேன். நூபியா ஜன்னலைத் திறந்து, "இந்த வயசுல எங்கடி கிளம்பிட்ட?" என்று கேட்டாள். எம் பொண்ணைப் பாக்க என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் சிரிக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மாதா உன் கூடவே இருப்பாள். ஊருக்கு வரும் தேதியை நூபியா மகளுக்கு முன்னால் எனக்குச் சொல். பெட்டியை இன்னும் பரணில் ஏற்றவில்லை, கூடத்தில்தான் கிடக்கிறது. ஜூனில் நீ வராவிட்டால் நான் அங்கே வந்து நிற்பேன்.

கோபம் ஆறாத உன் அம்மா,
ஒஃபீலியா