பிரிக்காமல் திரும்பிய பார்சல்

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

புது கார்புரேட்டர் ஒண்ணு பார்சல்ல அனுப்பியிருக்கேன். நாலு நட்டு, ஒரு குழாய், ஒரு கேபிள். அரை நாள் வேலை. தங்கச்சி போனதுலேருந்து வண்டி உங்க வாசல்ல கவர் போட்டபடியே கெடக்கு. அது அப்பாவோட பழைய காரு. அவளுக்குன்னு குடுத்தாரு, இப்ப அவளே இல்ல. ஓடுற நிலைமையில இருந்தா வாங்கிக்க ஆள் ரெடியா இருக்காரு. வித்துட்டு நீங்களும் உங்க வாழ்க்கையப் பாருங்க. நேரத்துக்குச் சாப்பிடுறீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க.

உங்க மச்சான்

ஜூன் 9

மச்சானுக்கு,

பார்சல் வந்துச்சு. பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டேன். கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

பழசு ஒண்ணும் செத்துப் போகல. வண்டி சும்மா நின்னதுல பெட்ரோல் பிசின் மாதிரி உறைஞ்சு, அது பாயற பொடி ஓட்டைய, ஜெட்டை, அடைச்சிருக்கு. ஊசி வால்வு தேஞ்சிருக்கு, கேஸ்கெட் அட்டை சருகா நொறுங்குது. இதெல்லாம் கடையில கிடைக்கிற சாமான். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா திரும்புமே, அந்த த்ராட்டில் தண்டுதான் லொடலொடன்னு ஆடுது, அந்த இடுக்குல காத்து புகுந்துடும். எங்க கம்பெனி லேத்துல அதுக்கு ஒரு பித்தளை வளையம், புஷ், கடைஞ்சு போட்டுக்கறேன்.

எல்லாத்தையும் கழட்டி சாப்பாட்டு மேசையில பரப்பியிருக்கேன். "இது மேசையா, மெக்கானிக் ஷெட்டா?"ன்னு கேக்க ஆள் இல்ல.

ஆஸ்பத்திரியில எல்லாரும் "இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல"ன்னாங்க. அன்னிக்குத் தலையாட்டினேன். இதுக்கு ஆட்ட மாட்டேன்.

அத்தைகிட்ட, சாப்பிடுறேன்னு சொல்லுங்க.

மாப்பிள்ளை

ஜூன் 14

மாப்ளே,

பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்கு. இத்தன வருஷமா வண்டி வாங்கி விக்கிறவன் சொல்றேன், தண்டு ஆடிடுச்சுன்னா கதை முடிஞ்சுது. "வண்டியோடயா குடும்பம் நடத்தறாரு?"ன்னு அம்மா அழறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். ஓடலன்னா லாரியோட வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் மச்சான் மரியாதை இல்லாதவன்னு சொல்லாதீங்க.

மச்சான்

ஜூன் 27

மச்சானுக்கு,

முதல்ல நீங்க சிரிக்கிறதுக்கு ஒண்ணு. படிச்ச இன்ஜினியர், பெட்ரோல் ரொம்பினா நிறுத்துற மிதவைய, அந்த ஃப்ளோட்டைத் தலைகீழா மாட்டிட்டேன். பெட்ரோல் பொங்கி வாசல் பூரா ஓடுது, பக்கத்து வீட்டுக்காரர் என்னாச்சுன்னு சிகரெட்டோட ஓடி வர்றாரு. நான் போட்ட கத்தல்ல தெருவே வெளிய வந்துடுச்சு. அவ போன அன்னிக்குக்கூட எனக்கு அப்படிச் சத்தம் வரல. சிகரெட்டை அணைச்சுட்டு அந்த மனுஷன்தான் என்னைப் புடிச்சு உக்கார வெச்சாரு.

மறுநாள் திருப்பி மாட்டினேன். இன்ஜின் புடிச்சுக்கிச்சு.

நின்ன இடத்துல ஓடறப்ப மட்டும் விக்கல் எடுத்த மாதிரி கொஞ்சம் விக்குது. புதுசு போட்டிருந்தா விக்காது. நல்லாத் தெரியும். விக்கட்டும்.

விலை பேசினவர்கிட்ட இல்லன்னு சொல்லிடுங்க. லாரியும் வேணாம். ஞாயித்துக்கிழம நானே ஓட்டிட்டு வர்றேன், அத்தைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போக. ஓட்டிப் பாக்கணும்னு நீங்க கேப்பீங்க. பாருங்க, வேணாங்கல. ஆனா டிரைவர் சீட்டு அவ உயரத்துக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. எனக்கு முட்டி ரெண்டும் ஸ்டியரிங்ல இடிக்குது.

உங்களுக்கும் இடிக்கும். பின்னாடி தள்ளாதீங்க.

மாப்பிள்ளை