நடு ஏரியில் நிற்கும் படகு

குவானிஷ்,

கார் சாவியைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. நீ நடந்தாவது ஏரிக்குப் போய்விடுவாய் என்று தெரியும். அதனால்தான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் எழுதுகிறேன்.

நேற்று பேட்டரி தீரப்போகிறது என்று உன் ரிமோட் படகு தானாகவே வேகத்தைக் குறைத்தது. அப்போதே கரைக்குத் திருப்பியிருக்கலாம். "இரு பிபிகுல், இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று சொன்னது நீதான். நடு ஏரியில் நின்றுபோன படகை இழுக்கத் தூண்டில் நூலில் பந்தைக் கட்டி எறிந்து பார்த்தோம், எட்டவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது, "காலையில நீந்திப் போய் எடுத்துட்டு வந்துடுறேன்" என்றாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, பயம். கப்ஷகாய் ஏரியில் பனிக்கட்டி இப்போதுதான் உருகியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் பாதி தூரம் போவதற்குள் கை கால் மரத்துவிடும். கூப்பிட்டால் கேட்கக் கரையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

மதியம் பக்கத்து வீட்டு தவுகென் அண்ணன் ரப்பர் படகோடு வருவார். "என்னப்பா கேப்டன், கப்பலக் கோட்ட விட்டியா?" என்று கிண்டல் செய்வார். பொறுத்துக்கொள். அவரோடு போ. சட்டியில் ஈரலும் உருளைக்கிழங்கும் வறுத்து வைத்திருக்கிறேன், சூடாக்கி அவருக்கும் வை.

பிபிகுல்

உன் படகைப் பொம்மை என்று சொன்னதற்காக முறைத்தாயே, இனி சொல்ல மாட்டேன். தனியாகப் போகாதே.

இன்னொன்று. படகு வந்த பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தேன். கவிழ்ந்தாலும் அது தானே நிமிர்ந்துகொள்ளுமாம். உனக்கு அந்த வசதி கிடையாது.